மெதுவாக ஓட்டப் பழகிய நாட்கள்

இவ்வாரத் தியானப் பகுதி: எபிரெயர் 12:1, 1 இராஜாக்கள் 19:1–8



கடந்த ஓராண்டாக உங்களில் பலர் ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள். "ஐயா, எப்படி இவ்வளவு எடை குறைந்தது? இந்த வயதில் இளைஞர்களோடு சேர்ந்து எப்படிச் சைக்கிள் ஓட்டுகிறீர்கள்?" நான் சிரித்துவிட்டு, "எல்லாம் ஆண்டவருடைய கிருபை" என்று சொல்லிக் கடந்துவிடுவேன். அது பொய்யல்ல. ஆனாலும் முழு உண்மையும் அல்ல. அந்தப் பதிலுக்குள் பயிற்சி இருக்கிறது, உணவு இருக்கிறது. நான் உங்களிடம் அறிக்கை செய்ய வேண்டிய இரண்டு காரியங்களும் இருக்கின்றன. இவ்வாரம் அவற்றை எழுதிவிடுவதென்று தீர்மானித்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம், சுகவீனமாயிருந்த ஒரு சகோதரரைச் சந்திக்கச் சென்றேன். மூன்றாம் மாடியில் வீடு, லிப்ட் கிடையாது. படியேறிக் கதவருகே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. படுக்கையில் இருந்தவர் தம் மனைவியிடம், "முதலில் ஐயாவுக்குத் தண்ணீர் கொடு" என்றார். நோயாளிக்காக ஜெபிக்கச் சென்றவன் நாற்காலியில் அமர்ந்து நான்கைந்து நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்; நோயாளி எனக்காகக் கவலைப்பட்டார். அன்று என் எடை 92 கிலோ. இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. கிராமத்து உபதேசியாராக இருந்த என் தகப்பனார் 58ஆம் வயதில் மாரடைப்பால் ஆண்டவரிடம் சேர்ந்தவர். எனக்கு அப்போது 53. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஐந்து ஆண்டு இடைவெளியையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

முழங்கால் வலி இருந்ததால் ஓட வேண்டாம், சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் மருத்துவர். கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். விடியற்காலை நாலே முக்காலுக்குப் புறப்பட்டு, முத்தியால்பேட்டை மணிக்கூண்டைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வேன். கோட்டக்குப்பத்தில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும். பொம்மையார்பாளையம் தாண்டிக் காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி வரும். பல்கலைக்கழக வாசல்வரை சென்று திரும்பினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். முதல் மாதம் 68 நிமிடம் ஆனது. இரண்டாம் மாதம் 62 நிமிடம். மகிழ்ந்துபோனேன். அதன்பின் நான்கு மாதங்கள் அந்த 62 நிமிடம் அசையவே இல்லை.

நான் சோம்பலாக ஓட்டவில்லை. ஒவ்வொரு நாளும் முழு மூச்சோடு ஓட்டினேன். நேற்றைய நேரத்தை இன்று முறியடிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம். மார்கழி தையில் வாடைக் காற்று முகத்தில் அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கால்கள் கனத்தன, இரவில் தூக்கம் கலைந்தது. ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே களைப்பு வந்தது. வேகம் மட்டும் வரவில்லை.

இவ்விடத்தில் முதலாவது அறிக்கை. அவ்வாண்டு தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் இராவுணவை விட்டுவிட்டேன். பல நாட்களில் காலையுணவும் இல்லை. ஆறு வாரத்தில் ஆறு கிலோ குறைந்தது. "ஐயா உபவாசத்தில் உருகிவிட்டார்" என்று நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டீர்கள். அது என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. உண்மை என்னவென்றால், அந்த நாட்களில் ஜெப அறைக்குச் செல்லுமுன் நான் எடை இயந்திரத்தின்மேல் ஏறி நின்றேன். எடை குறைப்பதில் பாவமில்லை. எடைக்காகப் பட்டினி கிடந்துவிட்டு, அதற்குப் பக்தியின் பெயரைப் பிறர் சூட்டும்போது மௌனமாயிருந்தேனே, அதுதான் தவறு. உபவாசத்தை மனுஷருக்குக் காண்பிக்க வேண்டாம் என்று நம் ஆண்டவர் மலைப் பிரசங்கத்தில் எச்சரித்ததை எத்தனை முறை உங்களுக்கு விளக்கியிருக்கிறேன்! என்னை மன்னியுங்கள்.

அந்தப் பட்டினி என் வேகத்துக்கும் உதவவில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் காலாப்பட்டு அருகே கண் இருண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். ஆறு கிலோ குறைந்தும் என் 62 நிமிடம் 65 ஆகியிருந்தது. மருத்துவர் காரணத்தை விளக்கினார். உடல் தனக்கு வேண்டிய உணவைப் பெறாதபோது கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கிறது. மிதிப்பது தசை. தசையை இழந்து பெற்ற மெலிவு, குதிரையை விற்று வண்டியை இலேசாக்கியது போன்றது. உயிர்த்தெழுதல் பண்டிகைக்குப் பிறகு இரண்டே மாதத்தில் நான்கு கிலோ திரும்பி வந்துவிட்டது.

அப்போதுதான் நம் சபையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் என்னிடம் பேசினார். என் பயிற்சியைப் பற்றி முழுவதும் விசாரித்துக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ஐயா, நீங்கள் தினந்தோறும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பாடம் எப்போது படிக்கப்போகிறீர்கள்?"

அவர் வகுத்துத் தந்த முறை எனக்கு வியப்பாயிருந்தது. வாரத்தில் பெரும்பகுதி மெதுவாக ஓட்ட வேண்டும். எவ்வளவு மெதுவாக? பேச முடிகிற அளவுக்கு. அதற்கு நான் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன்: 23ஆம் சங்கீதத்தை மூச்சு இரைக்காமல் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் அது சரியான வேகம், நடுவில் மூச்சுக்காக நிறுத்த நேர்ந்தால் கூடுதல். புதன்கிழமை மட்டும் கடினமான பயிற்சி. கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே திரும்பிக் குயிலாப்பாளையம் நோக்கி ஏறும் செம்மண் மேட்டுச் சாலை உங்களுக்குத் தெரியும். அந்த ஏற்றத்தில் நான்கு நிமிடம் கடினமாக, பின் நான்கு நிமிடம் மிக மெதுவாக. இப்படி நான்கு முறை. மொத்தமே 16 நிமிடந்தான் கஷ்டம். திங்கட்கிழமை ஊழியர் ஓய்வுநாளில் மரக்காணம் உப்பளம்வரை நெடும்பயணம், அதுவும் மெதுவாக. வெள்ளி, சனி ஒரு மணி நேரம் இலகுவாக. செவ்வாயும் வியாழனும் ஓய்வு. ஞாயிறு கர்த்தருடைய நாள், சைக்கிளுக்கும் ஓய்வு.

"இவ்வளவு மெதுவாக ஓட்டினால் வேகம் எப்படி வரும்?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். இலகுவான நீண்ட ஓட்டத்தில் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உடல் கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. இவையெல்லாம் மாதக்கணக்கில் மெல்ல நடப்பவை. கடினமான பயிற்சி இந்த அடித்தளத்தின்மேல் கட்டப்படும் சுவர். நானோ தினமும் நடுத்தரமான கஷ்டத்தில் ஓட்டினேன். அது அடித்தளம் போடக் கூடாத அளவுக்குக் கடினம், சுவர் எழுப்பப் போதாத அளவுக்கு இலகு. அவர் மேலும் சொன்னார்: பயிற்சி செய்யும் நேரத்தில் நாம் பலப்படுவதில்லை, களைத்துத்தான் போகிறோம். பலப்படுவது அதன்பின் உண்டு, உறங்கி, ஓய்ந்திருக்கும்போது. ஐம்பதைத் தாண்டியவருக்கு அந்த ஓய்வு இன்னும் அதிகமாகவே தேவை.

இதைக் கேட்டபோது எனக்கு எலியா தீர்க்கதரிசி நினைவுக்கு வந்தார். கர்மேல் பர்வதத்தில் பெரிய வெற்றி. அதன்பின் ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல்வரை ஓடினார் என்று வாசிக்கிறோம். அடுத்த அதிகாரத்திலேயே அவர் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டுமென்று கேட்கிறார். அந்த நேரத்தில் தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் உணவு. ஓரேபுக்குச் செல்லும் நாற்பது நாள் பயணம் அதற்குப் பிறகுதான். மெல்லிய சத்தத்தைக் கேட்குமுன் அந்த ஊழியக்காரனுக்கு இரண்டு வேளை சாப்பாடும் இரண்டு வேளை உறக்கமும் தேவைப்பட்டன. இந்தப் பகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த அடையையும் தண்ணீரையும் அலங்காரமென்றே எண்ணியிருந்தேன்.

இனி உணவைப் பற்றி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ குறையலாம். அதற்குமேல் அவசரப்பட வேண்டாமென்று மருத்துவர் அறிவுறுத்தினார். நான் என் நாளைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுச் சந்திப்புகளில் ஒரு நாளைக்கு ஏழு தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. பதினான்கு கரண்டி! அதுமட்டுமே 200 கலோரிக்கு மேல். கூடவே மிக்சர், முறுக்கு, பண்டிகைக் காலத்தில் கேக். ஒரு மணி நேரம் மிதித்து எரித்ததை இரவில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் முழுமையாகத் திருப்பித் தந்துவிடும் என்பதையும் அறிந்துகொண்டேன். மிதித்து மட்டும் எடை குறைவதில்லை.

ஆகவே சர்க்கரையை நிறுத்தினேன். சோற்றைப் பாதியாக்கி, மீனையும் பயறையும் முட்டையையும் காய்கறியையும் கூட்டினேன். இராவுணவை ஏழரை மணிக்கு முன் முடித்தேன். புதன்கிழமையும் நெடும்பயண நாளிலும் குறைக்காமல் சாப்பிட்டேன். அன்று குறைத்தால் பயிற்சி வீணாகும். தசையைக் காக்க வாரம் இருமுறை நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும், தண்ணீர் நிரப்பிய கேனைத் தூக்கும் பயிற்சியும் செய்தேன். உங்கள் வீடுகளில் தேநீரை மறுப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது. நெசவாளர் வீதியில் ஒரு பாட்டியம்மா, "நான் போட்ட டீ ஐயாவுக்கு ஆகவில்லையா?" என்று முகம் வாடினார். அன்று முதல் மறுப்பதை விட்டுவிட்டு, "சர்க்கரை இல்லாமல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். இப்போது அந்தப் பாட்டியம்மாவும் சர்க்கரையில்லாமலே குடிக்கிறார்.

அடுத்த பத்து மாதங்களில் 90 கிலோ 80 ஆயிற்று. வேகத்தில் இதன் பங்கு என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் எடை குறைவின் பலன் நேரடியானது. தொடக்கத்தில் நானும் சைக்கிளும் சேர்ந்து 106 கிலோ, இப்போது 94. மேட்டின்மேல் ஏற்ற வேண்டிய சுமையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஆனால் நம் கடற்கரைச் சாலை போன்ற சமவெளியில் முக்கியமான எதிரி காற்று. வேகம் கூடக் கூடக் காற்றை எதிர்க்கத் தேவையான ஆற்றல் பன்மடங்காக உயரும். மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 25க்குச் செல்லக் காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய இருமடங்கு ஆற்றல் வேண்டும். அங்கே எடையைவிடப் பயிற்சி பெற்ற இருதயமும், சற்றே குனிந்து அமரும் நிலையும், சரியான உயரத்தில் வைத்த சீட்டும், கனமான கியரை முக்கித் தள்ளாமல் இலகுவான கியரில் வேகமாகச் சுழற்றும் பழக்கமும் உதவுகின்றன. இவையெல்லாம் கூடி, அதே 20 கிலோமீட்டர் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது.

எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத் தொடக்கம் நம் எல்லாருக்கும் பழக்கமானது. இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில் அங்குள்ள இரண்டு சொற்களைக் குறித்து வைத்திருந்தேன். அவற்றின் பொருள் சைக்கிளில்தான் விளங்கியது. பாரம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலச் சொல் 'ஒங்கோஸ்'. பருமன், வீக்கம், சுமை என்று பொருள். புற்றுநோய் மருத்துவத்துக்கு ஆன்காலஜி என்ற பெயர் வந்ததும் இச்சொல்லிலிருந்துதான். நிருபக்காரன் பாரத்தையும் பாவத்தையும் தனித்தனியே சொல்லுகிறான் என்பதைக் கவனியுங்கள். பாரம் எல்லாம் பாவமல்ல. ஆனாலும் ஓடுகிறவனுக்கு அது தடை. இரண்டாவது சொல் 'ஹுபொமொனே', அதாவது சுமையின் கீழ் நிலைத்து நிற்கும் பொறுமை. ஓட்டத்தைப் பற்றிப் பேசும் அந்த வசனத்தில் வேகம் என்ற சொல்லே இல்லை. பாரத்தைத் தள்ளச் சொல்லுகிறது. பொறுமையோடு ஓடச் சொல்லுகிறது. நானோ முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவிட்டேன். அதன் விளைவைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நம் சபையில் ஒரு சொல்தா பெரியவர் இருந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்று முத்தியால்பேட்டையிலேயே வாழ்ந்தவர். நான் சைக்கிளில் வேகமாகப் போவதைத் திண்ணையிலிருந்து பார்த்தால் கையை அசைத்து, "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று பொருள். ஒருநாள் என்னை அழைத்து உட்காரவைத்து, ரொபேர் மார்ஷான் என்பவரைப் பற்றிச் சொன்னார். 1911இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். ஐந்தடி உயரம், ஐம்பது கிலோ எடை. 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். 2014இல், 102ஆம் வயதில், மறுபடியும் ஓட்டினார். இம்முறை ஏறத்தாழ 27 கிலோமீட்டர்! அவரைப் பயிற்றுவித்துச் சோதித்த வெரோனிக் பில்லா என்ற உடலியல் பேராசிரியை 2017இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பயிற்சியில் நூற்றுக்கு எண்பது பங்கு இலகு, இருபது பங்கு கடினம். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 13 விழுக்காடு உயர்ந்திருந்தது. எடை மாறவில்லை. மார்ஷான் 2021இல், 109ஆம் வயதில் மறைந்தார். "பார்த்தீர்களா ஐயா, நூறு வயதுக்காரனும் மெதுவாக ஓட்டித்தான் வேகமானான்" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார்.

இப்போது இரண்டாவது அறிக்கை. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். எடை குறைந்து வேகம் வந்தபின் பழைய ஆசை திரும்பிவிட்டது. கைப்பேசிச் செயலியில் என் எண்களைப் பார்ப்பது, வேதத்தைத் திறக்குமுன் வரும் முதல் வேலையாயிற்று. டிசம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. மரக்காணம் போய்த் திரும்பும் 65 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டுமென்று புறப்பட்டேன். அது மெதுவாக ஓட்ட வேண்டிய நாள். அழைப்பு வந்தால் நிற்க வேண்டிவரும், சராசரி குறைந்துவிடும் என்று கைப்பேசியின் ஒலியை அடைத்துச் சீட்டின் கீழுள்ள பையில் வைத்தேன். வீடு திரும்பி எடுத்துப் பார்த்தபோது பதினொரு அழைப்புகள், எல்லாம் ஒரே வீட்டிலிருந்து.

சொல்தா பெரியவர் அன்று காலை ஏழு மணிக்கு மறைந்திருந்தார். நான் வியர்வை ஆடையோடே ஓடினேன். அவருடைய மகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அப்பா இரண்டு தடவை கேட்டாங்க ஐயா, ஐயா வந்தாச்சான்னு" என்று மட்டும் சொன்னார்கள். அவருடைய கட்டிலருகே முழங்காலிட்டேன். இந்த முறை மூச்சு இரைக்கவில்லை. சொல்ல வார்த்தைதான் இல்லை. மூன்று மாடி ஏறி ஒரு நோயாளிக்கு ஜெபிக்க முடியாதவனாயிருந்ததால்தான் நான் சைக்கிளைத் தொட்டேன். எந்தக் காரியத்துக்காகப் பலத்தைத் தேடினேனோ, அந்தக் காரியத்தை அந்தப் பலத்தினாலேயே தவறவிட்டேன். செயலியில் அன்றைய நேரம் 2 மணி 52 நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை. அவ்வப்போது திறந்து பார்க்கிறேன்.

சில வாரங்கள் சைக்கிளைத் தொடவில்லை. விற்றுவிடலாமா என்றும் யோசித்தேன். என் துணைவியார்தான், "சைக்கிள் என்ன பாவம் செய்தது? ஒலியை அடைத்தது உங்கள் கைதானே?" என்றார். பெரியவரின் மகளும் ஒருநாள் ஆராதனைக்குப்பின், "ஐயா, நீங்கள் ஓட்டுவதை அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார். விட்டுவிடாதீர்கள்" என்றார்கள். மறுபடி தொடங்கினேன். இப்போது கைப்பேசி ஹேண்டில்பாரிலேயே இருக்கிறது. ஒலி முழு அளவில்.

பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிவைத்த நெடுந்தூர சைக்கிள் பயணமுறை ஒன்று உண்டு. அதற்கு 'ப்ரெவே' என்று பெயர். நம் ஊர் மூத்தவர்களுக்கு இச்சொல் பழைய பிரெஞ்சுப் பள்ளித் தேர்வின் பெயராகத் தெரிந்திருக்கும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். உணவுக்கும் பஞ்சருக்கும் ஓய்வுக்கும் நின்றாலும் கடிகாரம் நிற்காது. ஆனால் அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் வந்த எல்லாருக்கும் ஒரே சான்று. கொரிந்து பட்டணத்தருகே இஸ்த்மியப் போட்டிகளில் வென்ற ஒருவனுக்கு மட்டும் சூட்டப்பட்ட வாடிப்போகும் இலைக்கிரீடத்தை மனதில் வைத்துத்தான் அப்போஸ்தலனாகிய பவுல், நாமெல்லாரும் பெறத்தக்க அழிவில்லாத கிரீடத்தைப் பற்றி எழுதினார். அந்த ஒப்புமையை எண்ணிக்கொண்டே கடந்த ஜனவரியில் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு ப்ரெவேயில் கலந்துகொண்டேன்.

முதலியார்குப்பம் அருகே கைப்பேசி ஒலித்தது. நம் சபையின் இளைஞர் ஒருவர். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லத் துணிவில்லை என்று அழுதார். சைக்கிளைச் சவுக்கு மரத்தில் சாய்த்துவிட்டுப் பேசினேன், கேட்டேன், ஜெபித்தேன். என்னோடு வந்தவர்கள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தனியாக மிதிக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகும் வேகமாக ஓட்டவில்லை. சங்கீதம் சொல்லக்கூடிய அளவிலேயே ஓட்டினேன். 12 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். அந்த இளைஞர் அன்று மாலையே தம் பெற்றோரிடம் பேசிவிட்டார்.

அன்பானவர்களே, உங்களில் சிலருக்குச் சர்க்கரை இருக்கிறது, சிலருக்கு இரத்த அழுத்தம், சிலருக்கு என்னைப்போல மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது. சரீர முயற்சியை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காண்பியுங்கள். நெஞ்சுவலி, மயக்கம் உள்ளவர்கள் அவர் அனுமதி தரும்வரை தொடங்கவே வேண்டாம். மருந்து உட்கொள்ளுகிறவர்கள் தாங்களாகவே உணவைக் குறைக்காதிருங்கள். தொடங்கியபின் மெதுவாகச் செல்லுங்கள். முதல் மூன்று மாதம் எந்த எண்ணையும் பாராதிருங்கள். ஓய்வு நாளில் ஓய்ந்திருங்கள். கைப்பேசியின் ஒலியை அடைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மணிக்கூண்டருகே நிற்பேன். பழைய சைக்கிளானாலும் பரவாயில்லை, கூட வர விரும்புகிறவர்கள் வரலாம். உங்களில் மிக மெதுவாக ஓட்டுகிறவருடைய வேகமே அன்றைய வேகமாயிருக்கும்.

ஜெபிப்போம்:

எங்கள் பரம பிதாவே, நீர் மண்ணிலிருந்து உருவாக்கிய இச்சரீரத்துக்காக உமக்கு நன்றி. நாங்கள் சுமந்து திரியும் வீண் பாரங்களை எங்களுக்குக் காண்பித்தருளும். அவற்றை இறக்கிவைக்கும் பொறுமையைத் தாரும். நீர் தரும் பலத்தை நாங்கள் எங்கள் பெருமைக்கென்று செலவிடாதபடி காத்துக்கொள்ளும். எங்களை அழைக்கிறவர்களின் சத்தம் எங்கள் செவியில் விழச் செய்யும். தாமதமாய்ச் சென்ற எங்களை மன்னியும். எங்கள் இரட்சகராகிய இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.